பூனைச் சாப்பாடு

அக்காவுக்கு டிப்போவில் வைத்த பெயர் ஹாரன். பஸ் ஓட்டுகிற பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமாகப் பெயர் கிடைக்குமா என்ன? வண்டியின் ஹாரன் பழுதாகிப்போனாலும் பரவாயில்லை, அவள் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகிற லாரிக்காரன் தானாக ஒதுங்கிவிடுவான் என்று மெக்கானிக் எல்லாரிடமும் சொல்லித் திரிவார். அவள் சிரித்தால் பக்கத்தில் டீ குடிக்கிறவன் சட்டையில் கொட்டிக்கொள்வான். அக்காவும் அந்தப் பெயரை ஒரு மெடல் மாதிரிதான் சுமந்துகொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்து வண்டிச் சாவியை ஒப்படைக்கப் போகும்போது தங்கை போன் செய்தாள்.

"அக்கா, அம்மா செய்வாங்களே வெள்ளையா ஒரு சீஸ் டிப், அதுக்கு மைதா எவ்ளோ, பால் பவுடர் எவ்ளோ? சுத்தமா மறந்துபோச்சு."

குரல் காதுக்குள் ஊதுவது போல வந்தது. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று பேசுகிற குரல்.

"எதுக்குடி இப்ப அது?"

"சும்மாதான். கடைக்குப் போகல. வீட்ல இருக்கறத வச்சு ஏதாவது பண்ணலாம்னு பாத்தேன். அவருக்குத் தலைவலி. கிளினிக்க மூடிட்டு மத்தியானமே வந்து படுத்துட்டார். உறைப்பில்லாம, லேசா, சத்தமில்லாம ஏதாவது செய்யணும்."

சத்தமில்லாமல். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

"அடுப்பப் பத்த வைக்காதே. நானே வரேன்."

"நீ எதுக்குக்கா? சரி, வந்தா பெல் அடிக்காதே. வாசல்ல நின்னு மெசேஜ் போடு."

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிற அந்த டிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வெண்ணெய், மைதா, பால் பவுடர், நாலைந்து சீஸ் கட்டி, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான் சமாச்சாரம். எந்த வீட்டு அலமாரியிலும் கிடக்கிற சாமான். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆஹா ஓஹோ என்று யாரும் குதிக்க மாட்டார்கள். விஷயம் அதில் இல்லை, அம்மா அதைச் செய்த விதத்தில் இருந்தது. மிக்சி கிடையாது. குக்கர் கிடையாது, விசில் அடிக்கும். தாளிப்பு கிடையாது, வெடிக்கும். மிளகு கிடையாது, பிள்ளைகளுக்குத் தும்மல் வரும். கிளறுவதற்கு மரக்கரண்டி, ஏனென்றால் எவர்சில்வர் கரண்டி சட்டியில் உரசும். கடைக்குப் போய் எதுவும் வாங்க முடியாது, வாசல் தாழ்ப்பாள் கிறீச்சிடும். ரொட்டிக்கு ஓரத்தை வெட்டிவிடுவாள், ஓரம் கடிபடும்போது கேட்கும். தட்டு கிடையாது, எல்லாருக்கும் ஒரே கிண்ணம். ஆக மொத்தம், மூச்சுச் சத்தத்துக்குமேல் ஒரு சத்தமும் வராமல் சமைத்து, மூச்சுச் சத்தத்துக்குமேல் ஒரு சத்தமும் வராமல் சாப்பிட்டு முடிக்கக்கூடிய ஒரே சாப்பாடு அந்த வீட்டில் அதுதான்.

அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையிலிருந்து பாதியில் திரும்பி வரும் நாட்களில் மட்டும் அம்மா அதைச் செய்வாள். அவர் உள்ளே படுத்திருப்பார். ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், எழுந்து வருவார். எழுந்து வந்தால் என்ன நடக்கும் என்பது அம்மாவின் இடது கைக்குத் தெரியும். சாகும்வரை அது முழுசாக நிமிரவே இல்லை.

தங்கை அப்போது விவரம் தெரியாத குழந்தை. அவள் சிணுங்கினால் எல்லாம் கெட்டது. அதனால் அக்கா ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். பெயர் பூனைச் சாப்பாடு. பூனை போல நடந்து வர வேண்டும், பூனை போல உட்கார வேண்டும், பூனை போலச் சாப்பிட வேண்டும். யாரிடமிருந்து முதலில் சத்தம் வருகிறதோ அவர் தோற்றார். ஜெயித்தவருக்குக் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கும் உரிமை. ஒவ்வொரு தடவையும் தங்கைதான் ஜெயிப்பாள். விரலை நக்கிக்கொண்டு, கண்ணை உருட்டி, சத்தமே இல்லாமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்பா போய்ச் சேர்ந்தார். மறுநாளே அக்காவுக்கு வாய் திறந்தது, அப்புறம் மூடவில்லை. அம்மா அதற்குப் பிறகு அந்த டிப்பைத் தொட்டதே இல்லை. தங்கைக்கு மட்டும் அது விருந்தாகவே தங்கிவிட்டது. யாராவது அம்மா சமையலைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் பூனைச் சாப்பாட்டைச் சொல்லித்தான் உருகுவாள். அக்கா வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஒருத்தியாவது பயம் தெரியாமல் வளர்ந்தாளே, அதையும் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

இப்போது தன் வண்டி அல்லாத வேறொரு பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து போகும்போது அவளுக்கு அதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சும்மா பயப்படுகிறோம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். மாப்பிள்ளை பல் டாக்டர். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்கிறது. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மனைவியையும் குழந்தையையும் அவரே அக்கா வீட்டுக்குக் கூட்டி வருவார், அவரே காத்திருந்து கூட்டிப் போவார். அப்படியானால் இந்தப் புது வீட்டுக்கு மாறியபின் ஒரு தடவைகூட அக்காவை ஏன் கூப்பிடவில்லை? அந்தக் கேள்வியை அவள் இதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. இறங்கிய இடத்தில் ஒரு பெட்டிக்கடையில் குழந்தைக்கு என்று சிப்ஸ் பாக்கெட் வாங்கினாள். கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற ரகம்.

அது மூன்றாம் மாடி. வாசல் மணியின் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மெசேஜ் போட்டாள். கதவு திறந்ததே தெரியவில்லை, அப்படி எண்ணெய் போட்டிருந்தார்கள். உள்ளே தங்கை உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். வெறுங்கால். அக்காவின் செருப்பைத் தானே குனிந்து எடுத்துத் தரையில் பஞ்சு வைப்பது போல வைத்தாள்.

"என்னடி இது?"

"மெதுவா, மெதுவா. உன் மெதுவே ஊரைக் கூட்டும்."

அக்கா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் குழந்தையின் பழைய காலுறைகளை மாட்டியிருந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஓடவில்லை. செல்லைக் கழற்றிவிட்டார்களாம், டிக் டிக் என்கிறதாம். போன் ஒரு தலையணைக்கு அடியில் கிடந்தது. பொம்மைக் கூடையில் துணிப் பொம்மைகள் மட்டும். உருளுகிற, தட்டுகிற, ஊதுகிற ஒரு சாமான் கிடையாது.

"பாவம்க்கா, நாள் பூரா அந்த டிரில் சத்தத்தக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தலையே வெடிச்சுடுது. வீட்லயாவது அமைதி வேணும்ல?" என்றாள் தங்கை. நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் அக்காவை இன்னும் பயமுறுத்தியது.

குட்டி வந்தாள். நாலு வயசு. ஓடி வந்து பெரியம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஓடி வந்தாள் என்றால் ஓடித்தான் வந்தாள், ஆனால் காலடி கேட்கவில்லை. குதிகாலைத் தரையில் படவிடாமல் ஓடுகிற வித்தை. அக்காவுக்கு அது நன்றாகத் தெரிந்த வித்தை.

அடுப்படியில் வெண்ணெயை உருக விட்டார்கள். இரண்டு கரண்டி வெண்ணெய்க்கு இரண்டு கரண்டி மைதா என்று அக்கா காதோடு காதாகச் சொல்ல, தங்கை மரக்கரண்டியால் வதக்கினாள். மாவு சிவக்கக் கூடாது, பச்சை வாசனை மட்டும் போக வேண்டும். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! அம்மாவே திரும்பி வந்துவிட்ட மாதிரி.

"மரக்கரண்டியில கிண்டினாத்தான் கட்டி தட்டாது, இல்லக்கா? அம்மாவுக்கு எவ்ளோ நுணுக்கம் பாரேன்!"

அதற்குள் குட்டி ரொட்டி எடுக்கிறேன் என்று டிராயரை இழுத்து, மூடும்போது விரலைக் கொடுத்துவிட்டாள். நல்ல நசுக்கு. அக்கா பதறிப்போய்த் திரும்பினாள். குழந்தையின் வாய் காது வரை திறந்திருந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. தொண்டை நரம்பு புடைத்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அப்படியே ஒரு நிமிஷம் நின்றாள், வாயை மூடினாள், விரலைப் பாவாடையில் சுற்றிக்கொண்டு ரொட்டியை எடுத்து மேடையில் வைத்தாள்.

"சமத்து" என்று முணுமுணுத்தாள் தங்கை, கிளறிக்கொண்டே.

அக்கா குழந்தையை இழுத்து மடியில் வைத்து விரலுக்குத் தண்ணீர் விட்டாள். நாலு வயசுக் குழந்தைக்கு அழுகையை விழுங்கத் தெரியக் கூடாது. ஐயோ, தெரியவே கூடாது.

"பால் பவுடர் வேணுமே" என்றாள் தங்கை. குட்டி உடனே மடியிலிருந்து இறங்கிச் சாமான் அறைக்குப் போனாள். அடுப்படியை ஒட்டிய சின்ன அறை, ஜன்னல் கிடையாது, மூன்று பக்கமும் டப்பா அடுக்கிய பலகைகள். அக்கா பின்னாலேயே போய் விளக்குப் பொத்தானைத் தேடினாள்.

"லைட் வேணாம் பெரியம்மா. எனக்குக் கையாலயே தெரியும்."

உண்மைதான். இருட்டுக்குள் அந்தச் சின்னக் கை பலகையைத் தடவிக்கொண்டு போய், பால் பவுடர் டப்பாவின்மேல் சரியாக நின்றது.

"இது மைதா, மூடி சொரசொரன்னு இருக்கும். இது சக்கரை. இது ஓட்ஸ். இது மக்ரோனி." மக்ரோனி டப்பாவைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை வந்தது. "இதான் ரொம்பக் கஷ்டம். மடியில வச்சுக்கிட்டு ஆடாம உக்காரணும். துளி ஆடினாலும் கலகலன்னு சத்தம் போட்டுடும்."

"இங்கயா உக்காருவே?"

"ஆமா. பூனை விளையாட்டு. அப்பா கதவைச் சாத்துவார். நான் சத்தம் போடலன்னா திறப்பார்."

கண் இருட்டுக்குப் பழகியது. தரையில் ஒரு குட்டித் தலையணை கிடந்தது. அக்கா திரும்பிக் கதவைப் பார்த்தாள். புதுத் தாழ்ப்பாள், பளபளவென்று. வெளிப்பக்கம் இருந்தது.

திரும்பி வந்து தங்கையின் தோளைப் பிடித்தாள். "யாருடி அவளை உள்ள வச்சுப் பூட்டறது?"

"ஷ்! பூட்டறதெல்லாம் இல்லக்கா. கொஞ்ச நேரம்தான். சில நாள் கொஞ்சம் கூட ஆகும். தலைவலி வந்துட்டா அவருக்கு அவ அழுகையத் தாங்க முடியல." தங்கை வெதுவெதுப்பான தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். "முதல் தடவை ரொம்பப் பயந்துட்டா. அதான் நம்ம விளையாட்டச் சொல்லிக் குடுத்தேன். இப்ப அவளே ஆசையாப் போறா. நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததுதானேக்கா!"

அக்காவின் முகம் செத்துப்போனது. தன் கையால் போட்ட முடிச்சு இத்தனை வருஷம் கழித்து இந்தச் சின்னக் குழந்தையின் கழுத்தில் வந்து விழுந்திருக்கிறது. ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. அதற்கும் இந்த வீட்டில் வழியில்லை.

"அது விளையாட்டு இல்லடி" என்றாள்.

"எது?"

"பூனைச் சாப்பாடு. அப்பா எழுந்து வந்துடக் கூடாதுன்னு பண்ணினது. மரக்கரண்டி கட்டி தட்டாம இருக்க இல்ல. மிளகு போடாதது உனக்குப் பிடிக்காதுன்னு இல்ல. எல்லாமே சத்தத்துக்குத்தான். நீ அழுதுடக் கூடாதேன்னு நான்தான் விளையாட்டுன்னு பொய் சொன்னேன்."

மரக்கரண்டி நின்றது.

"அம்மா கை... பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுதானே?"

"வழுக்கல."

சட்டியில் மாவு ஓரம் பிடிக்க ஆரம்பித்தது. தங்கை சட்டென்று பாலை ஊற்றிக் கிளறினாள், வேகமாக, இன்னும் வேகமாக. கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னது வேறு.

"உனக்கு எல்லாத்தையும் பெருசாக்கணும். இவர் அப்பா மாதிரி இல்ல. என்மேல ஒரு நாள் கை வச்சதில்ல, தெரியுமா?"

"வைக்காம இருக்க நீ என்னென்ன பண்ணிட்டிருக்கேன்னு இந்த வீட்டச் சுத்திப் பாரு. நாற்காலிக்கு சாக்ஸ் மாட்டியிருக்கேடி!"

தங்கை கிளறிக்கொண்டே இருந்தாள்.

"குட்டியத் தூக்கிக்கோ. இப்பவே கிளம்பு. என் வீட்டுக்குப் போயிடலாம்."

"டிப் ஆறிடும்க்கா" என்றாள் தங்கை. அக்காவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அம்மாவும் இப்படித்தான், அப்பா எழுந்துவிடுவாரோ என்கிற நேரத்தில் டிப்பைப் பற்றியும் உப்பைப் பற்றியும் மட்டும்தான் பேசுவாள். தங்கை அடுப்பை அணைத்தாள். சீஸ் கட்டியின் பளபளப்புத் தாளைச் சத்தம் வராமல் உரித்து, பிய்த்துப் பிய்த்துச் சட்டியில் போட்டாள். அது வெள்ளையாக, வழவழவென்று, மரக்கரண்டியில் ஒட்டி இழுத்தது. கொஞ்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றி மேஜைக்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் பார்த்தார்கள், படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது.

"அடடே, அக்கா வந்திருக்கீங்களா!" பல் டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டு சிரித்தார். வரிசையான பல். "ஹாரனக் கழட்டிக் கீழே பார்க்கிங்லயே வச்சுட்டு வந்துட்டீங்க போல. சத்தமே கேக்கலியே!"

"சும்மா வந்தேன் மாப்ளே. தலைவலி எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றார் அவர், சிரிப்பு மாறாமல்.

உட்கார்ந்தார்கள். ஓரம் வெட்டிய ரொட்டியை விரலால் கிள்ளி, டிப்பில் தோய்த்து, வாயில் போட்டு, உதட்டை மூடிக்கொண்டு மென்றார்கள். குட்டி முதுகை நிமிர்த்திக் கையை மடியில் வைத்திருந்தாள். அவர் மகளின் தாடையைப் பிடித்து, "ஆ காட்டு" என்றார். அவள் காட்டினாள். "ஒரு சொத்தை கிடையாது பாருங்க. மொறுமொறுன்னு எதையும் இந்த வீட்டுக்குள்ள விடறதில்ல. இது பாருங்க, உறைப்பில்ல, கரகரப்பில்ல. இதுதான் சாப்பாடு. புதுசா இருக்கே, எங்க கத்துக்கிட்டே?"

"அம்மா செய்வாங்க" என்றாள் தங்கை. கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அக்கா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து, எல்லார் முன்னாலும் கிழித்து, கடகடவென்று கடித்துவிட்டு, என்ன செய்வாய் என்று இவரைக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். மடியிலிருந்த பைக்குள் கையை விட்டாள். பாக்கெட் சரக்கென்றது.

எல்லார் கையும் அப்படியே நின்றுபோயிற்று. குட்டியின் கண் அப்பாவின் முகத்துக்குப் போனது.

"அது என்னக்கா?" என்றார் அவர், மெல்ல.

"குட்டிக்கு..." வெறும் காற்றுதான் வந்தது.

அவர் ரொட்டித் துணுக்கைக் கீழே வைத்தார். நெற்றிப் பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார். "பெரியவங்க கொஞ்சம் பேசணும் போல இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யாரையும் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

குட்டி நாற்காலியிலிருந்து இறங்கினாள். குதிகால் படாமல் நடந்து சாமான் அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

அவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். டக். அந்த வீட்டில் சத்தம் போட அனுமதி இருந்த ஒரே சாமான் அதுதான்.

"பாத்தீங்களா, எவ்ளோ சமத்து. சொல்லவே வேண்டியதில்ல." அவர் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுக்காமலே திரும்பினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் வேறு. அந்தக் கண்ணை அக்காவுக்குத் தெரியும். "இப்ப சொல்லுங்க. அடுப்படியில ரொம்ப நேரமா குசுகுசுன்னு என்ன பேச்சு?"

கத்து, என்று அக்கா தனக்குள் சொன்னாள். லாரியை ஒதுக்குகிற குரல் உனக்கு. ஒரு சத்தம் போட்டால் மூன்று மாடியும் ஓடி வரும். கத்துடி! வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதுகு தானாகக் குறுகியது, கை தானாக மடிக்குப் போனது, மூச்சு தானாக மெலிந்தது. இத்தனை வருஷமாக ஊரையே கூட்டிய தொண்டை, அந்த நாளில் அப்பா எழுந்து வரும்போது எப்படி அடைக்குமோ அப்படியே அடைத்துப் போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. அதுவும் சத்தமில்லாமல்தான் வந்தது.

தங்கை எழுந்தாள்.

"உக்காரு" என்றார் அவர்.

அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணீர் வழிய வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் உட்கார்ந்திருந்த அந்த முகத்தைச் சற்று முன்புதான் டிராயர் பக்கத்தில் பார்த்திருக்கிறாள். ஒரே முகம், நாலு வயசுக்கும் நாற்பது வயசுக்கும். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, அக்கா சொன்ன எல்லாமும்.

அவள் அடுப்படிக்குப் போனாள். மீதி டிப் இருந்த அடிகனத்த சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதைத் தலைக்கு மேலே தூக்கித் தரையில் போட்டாள்.

அம்மாடி, என்ன சத்தம்! சட்டி தரையில் மோதி, எகிறி, மறுபடி மோதி, சுழன்று சுழன்று அடங்க மறுத்தது. வெள்ளைக் குழம்பு சுவர் வரை தெறித்தது. அடங்குமுன் அவள் அதை எடுத்து மறுபடியும் போட்டாள். "திற!" என்று கத்தினாள். "திற! என் பிள்ளைய வெளிய விடு! திறடா!" அக்காவுக்கு வராதது அவளுக்கு வந்தது. அவளுக்கு அந்தப் பயம் பழக்கமில்லையே! விளையாட்டு என்று நம்பி வளர்ந்தவள்தானே.

பல் டாக்டரின் இரண்டு கையும் காதுக்குப் போயின. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். தாழ்ப்பாளில் இப்போது யார் கையும் இல்லை. தங்கை அதை இழுத்தாள்.

குட்டி இருட்டில் தலையணைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மக்ரோனி டப்பா. வெளிச்சம் பட்டதும் எழுந்தாள், டப்பாவை விடாமல் அம்மாவின் இடுப்பில் ஏறினாள். அம்மா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். குழந்தை தன் நசுங்கிய விரலோடு சேர்த்து உள்ளங்கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"அம்மா, உஷ்" என்றாள் காதுக்குள். "நீ தோத்துடுவே."

தங்கை அந்தக் கையை வாயிலிருந்து எடுத்து முத்தம் கொடுத்தாள். "தோத்துட்டேன்டி கண்ணு" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. "அம்மா தோத்துட்டேன். வா, போலாம்."

வாசலைத் தாண்டும்போது அவர் பின்னாலேயே வந்து நிலையில் சாய்ந்துகொண்டார். கால் பெருவிரலில் ஒட்டியிருந்த டிப்பைக் கைக்குட்டையால் துடைத்தார். கோபமே இல்லை குரலில். "ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள வந்துடுவா, அக்கா" என்றார் மெல்ல. "எங்க போவா?"

அக்காவின் தொண்டையில் அடைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. "என் வீட்டுக்குடா!" என்றாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கீழ் மாடியில் யாரோ, என்னங்க, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "என் வீட்டுக்குப் போவா! என் வீட்டுலதான் இருப்பா! எல்லாரும் கேட்டுக்குங்க!" அதற்குமேல் சொல்ல அவளுக்கு எதுவும் தோன்றவில்லை, அதையே இன்னொரு தடவை கத்தினாள்.

தங்கை வெறுங்காலோடுதான் படியிறங்கினாள். குட்டியை இறக்கிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் படியிலேயே மக்ரோனி டப்பா கலகலத்தது. குழந்தை அப்படியே உறைந்து நின்று, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆட்டுடி" என்றாள் தங்கை.

குட்டி ஒரு தடவை ஆட்டினாள். மேலே நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை ஆட்டினாள், கொஞ்சம் பலமாக. அப்புறம் ஒவ்வொரு படிக்கும் ஆட்டிக்கொண்டே இறங்கினாள்.

அக்கா கடைசியாக இறங்கினாள். அந்தக் கலகலச் சத்தத்துக்கு நடுவே அவள் காது பின்னாலேயே இருந்தது. மேலே கதவு மூடுகிற சத்தம் கேட்கவில்லை. அந்தக் கதவுக்குத்தான் அவ்வளவு எண்ணெய் போட்டிருந்தார்களே.